தாராளமா போங்க

கோர்ட் கமிஷனர் வந்து பாதையை அளந்த அன்று அங்கே நின்றவர்கள்: என் அப்பா, டிராக்டர் வைத்திருக்கும் சின்னச்சாமி அண்ணன், எங்கள் வக்கீலின் ஜூனியர், டேப் பிடிக்க வந்த இரண்டு பேர், மற்ற நாலு வீட்டு ஆட்கள், நான். பாதைக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிற ஏழு வீட்டில் ஆறு வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. வராதது பேச்சி அத்தை வீடு மட்டும். அந்த வீட்டில் அத்தையைத் தவிர வேறு ஆள் கிடையாது. வழக்கில் முதல் வாதியும் அவள்தான்.

காலையில் கூப்பிடப் போனபோது வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “நான் வந்தா அந்தாளு ‘வாங்கம்மா’ன்னு சொல்வான். அதுக்கு நான் என்ன சொல்றது? நீங்க போங்க மருமகனே” என்றாள்.

அவர் வந்திருந்தார். எங்களுக்கு எதிராளியே அவர்தான். கமிஷனருக்குக் குடை பிடித்தார். டேப்பின் ஒரு முனை வேலிக்கருவையில் சிக்கியபோது தானே குனிந்து எடுத்துவிட்டார். அளந்து முடித்ததும் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியில் மோர் கொண்டுவரச் சொல்லி, முதல் டம்ளரை என் அப்பாவிடம் நீட்டினார். “தாராளமா குடிங்க” என்றார். அப்பா கோர்ட்டையெல்லாம் மறந்துவிட்டு “சரிங்க சார்” என்று வாங்கிக் குடித்தார்.

அவரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். பிராது எழுதும்போது வக்கீல் கேட்டார், எதிர்வாதியின் முழுப்பெயர் என்ன என்று. ஏழு வீட்டுக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். இங்கே அது வேண்டாம். சார் என்பதே போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் எங்கள் ஊருக்கு வந்தார். பேரையூர் போகிற தார் ரோட்டை ஒட்டி நாலு ஏக்கர் வாங்கி, பாதை தொடங்கும் இடத்தில் ஓட்டு வீடு ஒன்று கட்டினார். மதுரையில் வில்லாபுரத்துப் பக்கம் இருந்தவர், சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்ற அளவுக்குத் தெரியும். என்ன ஆபீஸ் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர் பொய் சொன்னதாக இன்றுவரை என்னால் ஒன்றைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது.

பாதையைச் சொல்ல வேண்டும். தார் ரோட்டிலிருந்து இறங்கி அவருடைய நாலு ஏக்கரை நடுவில் வகிர்ந்துகொண்டு எங்கள் நிலங்களுக்கு வருகிற வண்டிப்பாதை அது. பத்தடி அகலம். இரண்டு பக்கமும் வண்டிச்சக்கரம் அழுத்திய பள்ளம், நடுவில் புல். அதை விட்டால் கண்மாய்க் கரை வழியாகச் சுற்றி வரலாம், மூன்று கிலோமீட்டர். கரிசல் மண். காய்ந்து கிடந்தால் வண்டி போகும். ஒரு மழை பெய்தால் மாடுகூடக் காலை வைக்க யோசிக்கும். அவருக்கு முன்னால் அந்த நிலத்தை வைத்திருந்தவர்கள் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களும் பேசியதில்லை. எங்கள் பத்திரங்களில் ‘மேற்கே வண்டிப்பாதை’ என்று எல்லை போட்டிருக்கும். அது யாருடைய பாதை என்று எதிலும் இருக்காது.

சார் வந்த பிறகுதான் அந்தப் பாதையில் பேச்சு வந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா. மண்வெட்டியோடு ஒருவர் இறங்கினால் தலையைத் தூக்குவார். “தாராளமா போங்க” என்பார். சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பமாட்டார். நாம் பதில் சொல்லும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். “சரிங்க சார்” என்ற பிறகுதான் கண் பேப்பருக்குப் போகும். ஒரு நாளைக்கு நாலு தடவை போனால் நாலு தடவையும் இதுதான்.

எனக்கு அது பிடித்திருந்தது. அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். சனிக்கிழமை ஊருக்கு வந்தால் எங்கள் ஆட்களின் பேச்சு எனக்கு முரட்டுத்தனமாகப் படும். நடுவே இப்படி ஒரு மரியாதையான மனிதர். நாகரிகம் என்றால் இதுதான் என்று நினைத்தேன்.

அத்தை மட்டும் பதில் சொல்லமாட்டாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே போவாள். அவர் இரண்டாவது முறை சொல்வார், மூன்றாவது முறையும் சொல்வார். சுவரைக் கடந்து போவதுபோல் அவரைக் கடந்து போய்விடுவாள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு மனுசன் மரியாதையாகச் சொல்கிறார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவாய் என்று கேட்டேன்.

“எம் மாமியா நடந்த பாதை. அவ மாமியா நடந்த பாதை. இதுல இவன் யாரு தாராளம் பண்றதுக்கு?” என்றாள் அத்தை.

ஊரில் அத்தைக்கு வாய்க்கொழுப்பு என்று பெயர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வருடத்தில் ஒரு நாள் அவர் பாதையை அடைப்பார். ஐப்பசியில் வரும். முந்தின நாளே வீடு வீடாக வந்து சொல்லிவிடுவார்: நாளைக்கு எங்க அப்பாவுக்குத் திதி, ஒரு நாள் மட்டும் இந்த வழியா யாரும் கடக்க வேண்டாம், மன்னிச்சிருங்க. காலையில் பாதையின் குறுக்கே ஒரு மூங்கில் கிடக்கும். பெத்த அப்பனுக்குச் செய்கிற காரியம், யார் மறுக்க முடியும்? அன்று எல்லோரும் கண்மாய்க் கரையைச் சுற்றிப் போவோம். மறுநாள் காலை ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து வடை வரும். அந்த வடையைப் போல் எங்கள் ஊரில் யாருக்கும் சுட வராது.

மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ அத்தை வடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “ஏன் மருமகனே, திதின்னா பெறை மாறாதுல்ல?”

மாறாது என்றேன்.

“போன வருசம் இவன் அடைச்ச அன்னிக்குத் தேய்பெறை. நெலா விடிகாலைலதான் இருந்துச்சு. இந்த வருசம் பொழுது சாயவும் மேல நிக்கிது. எந்த அப்பனுக்குத் திதி குடுக்குறான் இவன்?”

டவுன்காரர்கள் இங்கிலீஷ் தேதி வைத்துக் கும்பிடுவார்கள் அத்தை, அங்கே எல்லாம் வசதிப்படிதான் என்று விளக்கம் சொன்னேன். படித்த ஆள் சொன்னதால் அவள் மேலே பேசவில்லை. வடையை ஆட்டுக்குப் போட்டாள்.

அடுத்த ஐப்பசியில் அந்த நாள் அத்தையின் வெங்காயத்தின் மேல் வந்து விழுந்தது. இரண்டு நாளாகப் பிடுங்கி, தாள் அறுத்து, முப்பது மூட்டை கட்டி வயலோரம் அடுக்கியிருந்தாள். டெம்போ தார் ரோட்டில் வந்து நின்றுவிட்டது. பாதையில் மூங்கில் கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கரைப் பக்கம் முதல்நாள் இரவே தூறல் விழுந்து சேறாகிக் கிடந்ததால் டெம்போக்காரர் அந்தப் பக்கம் திருப்பவே மாட்டேன் என்றார்.

அத்தை மூங்கிலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். சார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அந்தப் பக்கம் நின்றார். நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன்.

“ஒரே ஒரு வார்த்தை கேளும்மா. மூங்கில நானே தூக்கி வைக்கிறேன்” என்றார். குரலில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே இரக்கம் இருந்தது. இன்றைக்கும் அதை இரக்கம் என்றுதான் சொல்வேன், அதனால்தான் அந்த மனிதரை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அத்தை கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி, முதல் மூட்டையைத் தலையில் ஏற்றினாள். கரை வழியாக, மூன்று கிலோமீட்டர். நானும் அப்பாவும் ஆளுக்கொன்றாகத் தூக்கினோம். சின்னச்சாமி அண்ணன் திட்டிக்கொண்டே தூக்கினார். பன்னிரண்டு மூட்டை போய்ச் சேர்ந்தபோது மழை இறங்கியது. மிச்சம் பதினெட்டு மூட்டை வயலிலேயே நனைந்து, நாலாம் நாள் நாறத் தொடங்கியது.

நான் அத்தையைத்தான் திட்டினேன். ஒரு வார்த்தைக்குப் பதினெட்டு மூட்டையா என்று. அவள் அழுகிய வெங்காயத்தை வாரிக் குப்பைக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. அவரிடம் சொல்லாததைப் போலவே என்னிடமும்.

அது நடந்து ஒரு மாதத்தில் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெங்காயத்துக்காக மிகவும் வருத்தப்பட்டார். இனி இப்படி நடக்கக் கூடாது என்றார். பாதை முகப்பில் இரும்பு கேட் போடப்போவதாகவும், அது மேய்ச்சல் மாடுகளுக்காகத்தான் என்றும், ஏழு வீட்டுக்கும் ஏழு சாவி தருவதாகவும், திதி நாளில்கூட அடைக்கப் போவதில்லை என்றும் சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒண்ணே ஒண்ணு. எம் பசங்க நாளைக்கு, எதுக்குப்பா சாவி குடுத்தேன்னு எங்கிட்டக் கேட்கக் கூடாது பாருங்க. நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டா எனக்கும் தெம்பு” என்று என் பக்கம் திரும்பினார். “தம்பி எழுத்து மணி மணியா இருக்குமாமே.”

பேப்பரும் அவரே கொண்டுவந்திருந்தார். கோடு போடாத வெள்ளைத் தாள். என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. என்னைப் போல் புதிதாகப் படித்தவன் ஒருவன் கையில் வெள்ளைத்தாளைக் கொடுத்தால் என்ன எழுதுவான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த கடிதம் ஒன்றுதான். ஆறாம் வகுப்பிலிருந்து எழுதிப் பழகிய விடுமுறைக் கடிதம். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். ‘நாங்கள் ஏழு குடும்பத்தாரும் தங்கள் நிலத்தின் வழியாகச் சென்று வரத் தாங்கள் அன்புகூர்ந்து அனுமதி அளிக்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள.’ எழுதி முடித்துச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவ்வளவு அழகான தமிழ் எங்கள் வீட்டில் அதற்கு முன் ஒலித்ததில்லை. அப்பா பெருமையில் மீசையைத் தடவினார்.

ஆறு பேர் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள். அத்தையிடம் நானே கொண்டு போனேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

“கேக்குற மாதிரி ஒண்ணும் எழுதலேல்ல?”

“இல்ல அத்த, மரியாதைக்குத்தான். லெட்டர்னா இப்படித்தான் எழுதணும்.”

“நீ படிச்சவன். எங்க வைக்கணும்னு சொல்லு” என்று கட்டைவிரலை நீட்டினாள். அந்த விரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் அழுத்தியது நான்.

நாலைந்து வருடம் கேட் நல்லபடியாகத் திறந்தது, மூடியது. மூங்கில் விழவில்லை. ஆனால் அந்த நாளில் வடை மட்டும் வந்தது. நாற்காலியும் “தாராளமா போங்க”வும் அப்படியே இருந்தன. அப்புறம் தார் ரோட்டோரம் மனை போடுகிற ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஒரு திங்கட்கிழமை எங்கள் ஏழு சாவியில் ஒன்றுகூடப் பூட்டுக்குள் நுழையவில்லை. அப்பா போய்க் கேட்டதற்கு, அனுமதி கொடுத்தவன் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டுதானே என்று மெதுவாகச் சொன்னாராம். அன்றும் அப்பாவுக்கு மோர் கொடுத்திருக்கிறார்.

தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்தேன். நிலத்தின் அளவும் எல்லையும் வரைந்து வைத்திருக்கிற புலப்படத்தில் எங்கள் பாதைக்குப் புள்ளிக்கோடு போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை, அது சர்க்கார் பாதை. போட்டிருக்கவில்லை. பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிற பாதை. உரிமை என்றால், நடந்து நடந்து சேர்த்த உரிமைதான். வக்கீல் எங்களுக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். இருபது வருசம் ஒருத்தன் தோட்டத்து வழியா, ஒளியாம, தகராறு இல்லாம, அவங்கிட்டக் கேக்காம நடந்தா அது உங்க வழி. கேட்டுட்டு நடந்தா நூறு வருசம் நடந்தாலும் அது அவன் வழி.

அதைக் கேட்டபோதே எனக்கு அந்த வெள்ளைத்தாள் ஞாபகம் வந்தது. கடிதத்தைப் பற்றி அன்று நான் வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டில் அவர் அதைக் கொண்டுவர மாட்டார் என்று நினைத்தேனா, தொலைத்திருப்பார் என்று நினைத்தேனா, தெரியவில்லை.

அவர் எதையும் தொலைக்கிறவர் இல்லை. கோர்ட்டில் கடிதத்தோடு ஒரு கட்டு காலண்டரும் தாக்கலானது. மளிகைக்கடையில் இனாமாகக் கொடுக்கிற மாதக் காலண்டர்கள், மேலே முருகனும் லட்சுமியும், வருடத்துக்கு ஒன்றாகச் சுருட்டிக் கயிறு கட்டி. கட்டங்களுக்குள் பொடி எழுத்தில் நீல மை: ‘இன்னார் மாட்டுடன் சென்றார். போகச் சொன்னேன். சரி என்றார்.’ கேட் வருவதற்கு முன்பு வருடத்துக்கு ஒரு கட்டத்தில் மட்டும் சிவப்பு மை: ‘இன்று பாதை அடைப்பு. அனைவரும் கரை வழி.’ எங்கள் வக்கீல் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிவப்பு மை எல்லாம் ஒரே இங்கிலீஷ் தேதியில்தான் இருந்தது. அத்தை நிலாவை வைத்துச் சொன்னது சரி, அது திதியே இல்லை.

ஒரு நாள் அடைத்தால் நம் உரிமை போய்விடுமா என்று வக்கீலிடம் கேட்டேன். “அடைச்சதால ஒண்ணும் ஆகாது தம்பி. நீங்க முணுமுணுக்காமச் சுத்திப் போனீங்க பாருங்க, அதுதான்” என்றார். பிறகு சாவகாசமாக இன்னொன்றும் சொன்னார். சாரை அவருக்கு முன்பே தெரியும். மதுரைக் கோர்ட்டு ஒன்றில் ரெக்கார்டு ரூமில் இருந்தவர். முடிந்துபோன வழக்குகளைக் கட்டி அடுக்குவதுதான் முப்பது வருட வேலை. “அதுல பாதி வரப்புத் தகராறு, பாதைத் தகராறு. எந்த ஊர்க்காரன் எதுல தோத்தான்னு அம்புட்டையும் படிச்சிருப்பாரு.”

நான் கூண்டில் ஏறியபோது சாருடைய வக்கீல் கடிதத்தை என் முன்னால் நீட்டினார். இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். உரிமை இருக்கிறவன் எதற்கு அனுமதி கேட்டான் என்றார்.

“லெட்டர்னா அப்படித்தான் சார் எழுதுவாங்க” என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. எதிரே உட்கார்ந்திருந்த சார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், ஆறுதல் சொல்கிறவர்போல. அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. பாதை இருக்கிறது, வாதிகள் நடந்திருக்கிறார்கள், ஆனால் அனுமதியின் பேரில் நடந்திருக்கிறார்கள்.

ரொம்ப நாள் கழித்து மதுரை பஸ் ஸ்டாண்டில் அவரை ஒருமுறை பார்த்தேன். அப்போது அவர் ஆனையூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். டவுன் பஸ் படியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காலை வைக்கப் போனோம். அவர் ஒதுங்கிக் கையைக் காட்டினார். “தாராளமா போங்க தம்பி.” என் வாய் என்னைக் கேட்காமலே “சரிங்க சார்” என்றது.

தீர்ப்பு வந்த வாரமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பீல், அது இது என்று அலைந்து வீணாகாதீர்கள், பாதையை உங்களுக்கே கிரயம் பண்ணிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். பத்தடி அகலம், அறுநூறு அடி நீளம், பதினாலு சென்ட். அக்கம்பக்கத்து விலையைவிட மூன்று மடங்கு சொன்னார். ஏழு பேரும் ஒத்துக்கொண்டோம். வேறு என்ன செய்வது? அடுத்த வெங்காயம் மண்ணுக்குள் இருந்தது.

பத்திரம் எழுதும் இடத்தில் அவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பாதையின் இந்தப் பக்கம் அவர் வீடு, அந்தப் பக்கம் அவர் கிணறு. குறுக்கே கடந்துபோக விற்கிறவருக்குப் பாத்தியம் உண்டு என்று ஒரு வரி. எழுத்தர் பேனாவை எடுத்தார்.

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்து வந்தாள். “அதெல்லாம் எழுத வேணாம். போகணும்னா கேட்டுட்டுப் போகட்டும்.”

அவர் அத்தையை வெகுநேரம் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் முன்னால் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பிறகு, வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று எழுத்தரிடம் கையை அசைத்தார்.

மறுநாள் காலை அத்தை பாதை முகப்பில், கழற்றிப் போட்ட கேட்டின் மேலேயே உட்கார்ந்து விதைவெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சார் வாளியோடு வீட்டை விட்டு இறங்கிக் கிணற்றைப் பார்த்து வந்தார். பாதை விளிம்பில் செருப்பு பட்டதும் அத்தை தலையைத் தூக்கினாள்.

“தாராளமா போங்க சார்.”

அவர் நின்றார். சரி என்று சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. நேரே பார்த்தபடி பத்தடியையும் கடந்து கிணற்றுக்குப் போனார். அத்தை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதில் சொல்லல பாத்தியா? போயி எழுதி வைய்யி மருமகனே. தேதி போட்டு எழுது.”

எழுதினேன். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில், அன்றைய கட்டத்துக்குள், நீல மையில். அவரும் அந்நேரம் கிணற்றிலிருந்து திரும்பி இதையே எழுதிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அதே காலண்டரில் முந்தின நாள் கட்டத்தில் அப்பா என்னை எழுதச் சொன்ன கணக்கு இருந்தது. பாதை, பதினாலு சென்ட், ஏழு வீட்டுக்கும் சேர்த்து எழுபதாயிரம் ரூபாய்.